முகம் படிக்கும் மனம்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம்மவர் நாவில் நாளும் புழங்கும் பழமொழி. 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்பதும் அதே நாவில் புழங்குவதே. முன்னது, பார்க்கப்படும் முகத்தைப் பற்றிப் பேசுகிறது. பின்னது, பார்க்கும் கண்ணைப் பற்றிப் பேசுகிறது. பிறரை எடைபோடும்போது நாம் முன்னதை மட்டும் நினைவிற்கொண்டு பின்னதை மறந்துவிடுகிறோம். ஒருவனைக் கண்டவுடன் 'இவன் திமிர் பிடித்தவன்' என்றோ, 'இவன் நம்பத் தக்கவன் அல்லன்' என்றோ தீர்ப்பெழுதி விடுகிறோம். அத்தீர்ப்பில் அவன் முகத்தின் பங்கு எவ்வளவு, நம் மனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

முகக்குறிப்பை அறிதல் கண்ணின் கூர்மையால் மட்டும் வாய்ப்பதன்று. காண்பவருடைய ஆளுமை, அவர் பட்டறிந்த வாழ்க்கை, அவர் அமர்ந்திருக்கும் இடம் ஆகிய மூன்றும் அவர் கண்ணை வழிநடத்துகின்றன. ஆகவே, பிறர் வாழ்வைத் தீர்மானிக்கும் பொறுப்பில் இருப்போர் தம் மனத்தைப் படித்த பின்னரே பிறர் முகத்தைப் படிக்க முற்படுதல் வேண்டும். இதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தலைப்பு, இரண்டு அதிகாரங்கள்

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பு இருமுறை இடம்பெறுகிறது. 71-ஆம் அதிகாரமாகப் பொருட்பாலின் அமைச்சியலில் ஒருமுறை. 110-ஆம் அதிகாரமாகக் காமத்துப்பாலின் களவியலில் மற்றொரு முறை. அரசவைக்கும் காதலர் உள்ளத்துக்கும் ஒரே தலைப்பை வள்ளுவர் அமைத்தது சிந்தித்தற்குரியது. பிறர் மனம் அறியாவிட்டால் முன்னதில் நாடு கெடும். பின்னதில் வாழ்வு கெடும். முன்னதில் அறிய வைப்பது எச்சரிக்கை. பின்னதில் அறிய வைப்பது அன்பு.

அடுத்திருப்பதைக் காட்டும் பளிங்கு போல நெஞ்சில் மிக்கதை முகம் காட்டும் என்று 706-ஆம் குறள் கூறுகிறது. அதே வள்ளுவர், முகத்தால் இனிமையாகச் சிரித்து அகத்தில் தீமை வைத்திருப்போரை அஞ்ச வேண்டும் என்று 824-ஆம் குறளில் எச்சரிக்கிறார். பகைவரின் கண்ணீரையும் ஐயுறச் சொல்கிறது 828-ஆம் குறள். இவை முரண்பாடுகளா? அல்ல. முகம் காட்டுவதும் உண்மை, மறைப்பதும் உண்மை. எது காட்டல், எது மறைத்தல் என்று தேர்ந்து தெளியும் பொறுப்பு காண்பவருடையது. அதனாலேயே 71-ஆம் அதிகாரம் முகத்தைப் புகழ்வதைக் காட்டிலும் முகத்தைப் படிக்க வல்லவரை மிகுதியாகப் புகழ்கிறது. குறிப்பறிய வல்லவரை எதனைக் கொடுத்தேனும் துணையாகப் பெற வேண்டும் என்றும், குறிப்பறியாத கண் இருந்தும் பயனில்லை என்றும் அவர் கூறுவன நோக்கத் தக்கவை.

வள்ளுவர் வாழ்வியலில் வைத்துச் சொன்னதைத் தொல்காப்பியர் இலக்கணத்தில் வைத்துச் சொன்னார். பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் முறையை ஆராயும் இயல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் என முப்பத்திரண்டு. இப்பகுப்பின் நுட்பம் எண்ணிக்கையில் இல்லை. சிரிப்பு என்பது ஒரு பொருள் உடையதன்று என்பதை அது கற்பிக்கிறது. எள்ளலாலும் சிரிப்பு வரும். இளமையாலும் பேதைமையாலும் மடத்தாலும் சிரிப்பு வரும். அழுகை இழவால் மட்டும் வருவதன்று. இளிவாலும் அசைவாலும் வறுமையாலும் வரும். அச்சத்தின் களன்களை அடுக்குமிடத்தில் அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு 'தம் இறை' என்று தம்மை ஆள்வோரையும் சேர்த்தார் தொல்காப்பியர். அதிகாரத்தில் இருப்பவர் தம் எதிரே காணும் முகத்தில் அவர் தாமே ஏற்படுத்திய அச்சமும் கலந்திருக்கும் என்பதை இதனினும் சுருக்கமாக எவரே சொல்ல இயலும்?

இவ்வியலின் இறுதி நூற்பாவே நம் தலைப்புக்கு இன்றியமையாதது. கண்ணாலும் செவியாலும் திண்மையாக உணரும் உணர்வுடைய மாந்தர்க்கல்லால் இம்மெய்ப்பாடுகளின் பொருளை எண்ணி அறிதல் அரிது என்று தொல்காப்பியர் இயலை முடிக்கிறார். காட்டுவோரைப் பற்றி இயல் முழுவதும் பேசிவிட்டுக் காண்போரின் தகுதியைச் சொல்லி முடித்தது எண்ணி மகிழத் தக்கது. கண்ணோடு செவியையும் அவர் சேர்த்ததன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

பாண்டியன் பாராத முகம்

காண்பவரின் மனநிலை காட்சியைக் கெடுக்கும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைவிடக் கொடிய சான்று தமிழில் இல்லை. ஆடல் மகளிரிடம் அரசன் மனம் சென்றதாக எண்ணி ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோய் என்று சொல்லி அவையினின்றும் எழுந்து செல்கிறாள். தேவியின் ஊடலைத் தணிக்கும் வேட்கையோடு பாண்டியன் விரைந்து செல்லும் வழியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். 'கள்வன் என் குடிலில் இருக்கிறான்' என்ற அவன் சொல்லை அரசன் ஏற்கிறான். கோவலனை அழைத்து வரச் சொல்லவில்லை. அவன் முகத்தை ஒருமுறையேனும் பார்க்க எண்ணவில்லை. களவியற் குறிப்பொன்றில் மனம் சிக்கிய மன்னன், அமைச்சியற் குறிப்பைக் கைவிட்டான் எனலாம்.

ஆனால் கோவலனின் முகத்தை நேரில் கண்டவர்கள் காவலர்கள். இவன் கொலைப்படத் தக்கவன் அல்லன் என்றே அவர்கள் முதலில் உரைத்தனர். எளிய காவலர் முகத்தைச் சரியாகவே படித்தனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று மந்திரம், தெய்வம், மருந்து என அடுக்கிச் சாத்திரம் பேசினான். கள்வன் நல்லவன் போலவே தோன்றுவான் என்று ஆகிவிட்டால், நல்ல முகமே குற்றத்துக்குச் சான்றாகிவிடுகிறது. காவலர் தம் கண்ணைக் காட்டிலும் அவன் வாதத்துக்கு இடம் கொடுத்துத் தயங்கி நின்றனர். அவர்களுள் கல்வியறிவில்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசினான். மதுரை எரிந்தது. பார்க்க வேண்டியவன் பாராமையும், பார்த்தவர்கள் தாம் கண்டதில் உறுதியின்றி நின்றமையும் ஒருங்கு கூடிச் செய்த கொலை அது.

உளவியல் உரைப்பன

நம் முன்னோர் கண்ட இவ்வுண்மையை மேலைநாட்டு அறிஞர் அளந்து காண முயன்றனர். 1872-இல் சார்லஸ் டார்வின் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் முறை குறித்துத் தனி நூல் எழுதினார். 1960-களின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் பப்புவா நியூகினியின் மலைவாழ் மக்களிடம் ஒளிப்படங்களைக் காட்டி ஆராய்ந்தார். மகிழ்ச்சி, துயர், சினம், அச்சம், வியப்பு, அருவருப்பு என்னும் ஆறும் மாந்தர் அனைவர்க்கும் பொதுவான முகக்குறிப்புகள் என்பது அவர் முடிவு. இவ்வாறும் தொல்காப்பியர் எட்டோடு பெரிதும் ஒத்து நிற்றலை மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லார்க்கும் முகம் ஒன்று போலவே பேசுமாயின், சிலர் அதனை எளிதில் படிக்கவும் சிலர் இடறவும் காரணம் என்ன? ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பகுத்து ஆராய்வோர் இதற்கு விடை தேடினர். புதியனவற்றை ஏற்கும் திறந்த மனமுடையோர் முகக்குறிப்பை ஓரளவு நன்கு அறிகின்றனர் என்று சில ஆய்வுகள் காட்டின. ஆயினும் இத்தொடர்பு மெலிதானதே. ஒருவரது குணத்தை வைத்து மட்டும் அவர் பிறர் முகத்தை எவ்வளவு அறிவார் என்று அறுதியிட இயலாது.

அதனினும் தெளிவாகப் பேசுவது பட்டறிவு. முரட்டுத்தனம் மிகுந்த சிறுவர்கள், நோக்கம் தெளிவாகத் தெரியாத பிறர் செயலையும் பகைமையால் செய்ததாகவே கொள்கின்றனர் என்பதை 1980-இல் கென்னத் டாட்ஜ் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அடியும் உதையும் பட்டு வளர்ந்த குழந்தைகள் சினத்தின் சாயலை ஏனையோரைவிட விரைவில், சிறு குறிப்பிலேயே கண்டுகொள்கின்றனர் என்று 2002-இல் சேத் போலக்கும் அவர்தம் குழுவினரும் கண்டனர். தன் உணர்வுக்குப் பெயர் சொல்லத் தெரியாதோர் பிறர் உணர்வை அறிவதிலும் இடர்ப்படுகின்றனர் என்பதும் ஆராய்ந்து கூறப்பட்டுள்ளது. காமாலைக் கண் பற்றிய நம் பழமொழிக்கு இவையெல்லாம் உரை விளக்கங்கள்.

செல்வ நிலையில் தாழ்ந்தோர் பிறர் உணர்வை அறிவதில் உயர்ந்தோரைவிடத் தேர்ந்தவர் என்று 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதனை ஒத்துரைக்கவில்லை. எனவே அதனை அறுதியாக நான் இங்கு வைக்கவில்லை. ஆனால் அதனைப் படித்தபோது என் நினைவுக்கு வந்த ஒரு நிகழ்ச்சியை இம்மலரில் எழுதுவது கடமை எனக் கருதுகிறேன்.

வகுப்பறை வாயிலில்

பல்லாண்டுகளுக்கு முன், நான் பணியில் சேர்ந்த புதிதில், வேறொரு கல்லூரியில் நடந்தது இது. முதலாம் ஆண்டுப் பொதுத்தமிழ் வகுப்பு. காலை முதல் பாடவேளை. கடைசி வரிசையில் ஒரு மாணவன் சிவந்த கண்களோடு அமர்ந்திருந்தான். கேள்வி கேட்டேன்; எழுந்து நின்றான்; விடை சொல்லவில்லை. மறுமுறை கேட்டேன், உதட்டோரம் சிறு சிரிப்பு ஒன்று தோன்றிற்று. கண்ணின் சிவப்பைக் குடி என்றும் சிரிப்பை எள்ளல் என்றும் படித்தேன். 'வெளியே போ, பெற்றோரை அழைத்துக்கொண்டு வா' என்றேன். ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டான். அப்பேசாமையையும் திமிர் என்றே கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவன் தாயார் வந்தார். துறையின் வாயிற்படிக்கு அப்பால் நின்று என்னை ஒரு நொடி பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. 'உங்களுக்குக் கோவம் இன்னும் தணியலைங்கய்யா. நான் சாயங்காலமா வரட்டுமா?' என்றார். திடுக்கிட்டேன். அவர் சொன்னது உண்மை. ஒரு மணி நேரம் எதிரே வைத்துப் பார்த்தும் அவர் மகனை நான் படிக்கவில்லை. அந்த அம்மையார் வாயிற்படியில் நின்றபடியே என்னைப் படித்துவிட்டார்.

உட்காரச் சொல்லிக் கேட்ட பின்னரே செய்தி விளங்கிற்று. அவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். விசைப்படகுகள் கரைக்கு வரும் நள்ளிரவு இரண்டு மணி முதல் விடியும்வரை மகன் பனிக்கட்டி உடைத்துக் கூடை சுமந்துவிட்டு, அப்படியே குளித்து வகுப்புக்கு வருபவன். கண்ணின் சிவப்பு உறக்கமின்மை. சிரிப்போ, விடை தெரியாமல் நாற்பது பேர் முன்னிலையில் நின்ற கூச்சம், அதாவது இளிவரல். மெய்ப்பாட்டியலை அந்த ஆண்டுதான் நான் வேறொரு வகுப்புக்கு நடத்திக்கொண்டிருந்தேன். நகைக்குரிய நான்கு களன்களையும் கரும்பலகையில் எழுதிய கை, நாலடி தூரத்தில் நின்ற இளிவரலை நகை என்று எழுதிவிட்டது.

அந்த அம்மையாருக்கு அத்திறன் எங்கிருந்து வந்தது? ஏலத்தில் எதிரே நிற்கும் வியாபாரி இன்னும் விலை ஏற்றுவானா, விட்டுவிடுவானா என்பதை ஒரு கண்ணசைவில் அறியாவிட்டால் அன்றைய பிழைப்பு இல்லை. படகுக்காரர், தரகர், வட்டிக்குக் கொடுப்பவர் ஆகிய ஒவ்வொருவர் முகத்தையும் அவர் படித்தே ஆக வேண்டும். அவர்கள் அவர் முகத்தைப் படிக்க வேண்டிய தேவை இல்லை. எனக்கும் அத்தேவை இருந்ததில்லை. நான் தவறாகப் படித்தால் இழப்பு அவன் படிப்புக்கு, என் சம்பளத்துக்கன்று. குறிப்பறியாமையின் விலையைக் கொடுப்பவர் ஒருவராகவும் குறிப்பறியாதவர் மற்றொருவராகவும் இருக்கும் வரை, அறியாதவர் அறிய முயல மாட்டார். இதுவே நான் அன்று கற்றது.

வடசென்னை முகங்கள்

என் ஒருவனுடைய பிழையாக மட்டும் இருந்தால் இதனை எழுத வேண்டியதில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் இப்பகுதியின் இளைஞர்கள் நாள்தோறும் இவ்வாறே படிக்கப்படுகின்றனர். திரைப்படங்கள் வடசென்னை முகத்தைக் கத்தியோடு சேர்த்தே காட்டிப் பழக்கிவிட்டன. உப்புக்காற்றிலும் வெயிலிலும் கறுத்த முகம், இயந்திர ஓசையின் நடுவே பேசிப் பழகிய உரத்த குரல், நேராக நோக்கும் பார்வை ஆகிய இம்மூன்றும் நேர்காணல் அறையில் 'முரடு' என்னும் ஒரே சொல்லாக எழுதப்படுகின்றன. நேர்காணலில் தோற்றுத் திரும்பிய மாணவர் பலர் 'நான் ஒன்றும் தவறாகப் பேசவில்லையே ஐயா' என்று என்னிடம் கேட்டதுண்டு. அவர்கள் பேசும் முன்னரே அவர்கள் முகத்துக்கு விடை எழுதப்பட்டுவிட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்?

உண்மையில் முகக்குறிப்பின் பள்ளிக்கூடம் இப்பகுதியே. பவுண்டரி என மக்கள் வழங்கும் வார்ப்படத் தொழிற்சாலையில் பேச்சுக் காதில் விழாது. உலோகக் குழம்பு ஊற்றும்போது எதிரே நிற்பவன் புருவம் உயர்வதைக் கண்டே விலகி நிற்க வேண்டும். பாரந்தூக்கியின் அடியில் நிற்கும் துறைமுகத் தொழிலாளியின் உயிர் சைகையில் தொங்குகிறது. இத்தகைய வாழ்க்கையில் வளர்ந்தவரை முகம் அறியாத முரடர் என்பது எத்துணைப் பெரிய அறியாமை!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. மீனவரின் படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு அம்மோனியா வாயுக் கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தனர். அடுத்த நாள்களில் அவர்கள் கூடி அமர்ந்து போராடினர். வழியே சென்றவர் பலர் அம்முகங்களில் வெகுளியை மட்டுமே கண்டனர். வெகுளி இருந்தது, மறுக்கவில்லை. அதன் அடியில் அச்சம் இருந்தது. அதற்கும் அடியில் இழவும் அசைவும் வறுமையும் இருந்தன. வெகுளியை மட்டும் காண்பவருக்குத் தோன்றுவது சட்டம் ஒழுங்கு. அச்சத்தையும் காண்பவருக்குத் தோன்றுவது மருத்துவமும் இழப்பீடும் பாதுகாப்பும். முகத்தை எவ்வாறு படிக்கிறோமோ அவ்வாறே நம் செயலும் அமைகிறது.

இறைமறை காட்டும் பார்வை

இதனைச் சமய நெறியும் வலியுறுத்துகிறது. வறுமையுற்றும் பிறரிடம் வற்புறுத்தி இரவாத மானமுடையோரைப் பற்றித் திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தின் 273-ஆம் வசனம் பேசுகிறது. அவர்தம் தன்னடக்கத்தைக் காணும் அறியாதவன் அவர்களைச் செல்வர் என்றே எண்ணுவான். அவர்களுடைய அடையாளங்களால் அவர்களை அறியலாம் என்பது அதன் கருத்து. முகம் ஒன்றே, அறியாதவன் காண்பது செல்வம், அறிபவர் காண்பது வறுமை. 49-ஆம் அத்தியாயத்தின் 12-ஆம் வசனமோ ஊகங்களில் பெரும்பாலானவற்றை விலக்கச் சொல்கிறது. சில ஊகங்கள் பாவம் என்கிறது. துயரைத் தேடிக் காண்பதற்கு ஒரு வசனம். குற்றத்தைத் தேடிக் காணாமைக்கு மற்றொன்று. குறிப்பறிதலின் அறம் முழுவதும் இவ்விரண்டில் அடங்கிவிடுகிறது.

கண்ணும் செவியும்

முகத்தைப் படிக்கும் வேலையை இன்று கருவிகளிடம் ஒப்படைக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. மனம் உடைய நாமே இடறும் இடத்தில் மனமில்லாக் கருவி தெளியுமா? லிசா ஃபெல்ட்மன் பாரெட் முதலிய அறிஞர்கள் ஏராளமான ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து, முகத் தசையின் அசைவை மட்டும் கொண்டு ஒருவரது உணர்ச்சியை உறுதியாகக் கூற இயலாது என்று 2019-இல் எழுதினர். சினமுற்றோர் எல்லாரும் முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிப்போர் எல்லாரும் சினமுற்றவரும் அல்லர். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் கருவியால் உணர்ச்சியை ஊகித்தலை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, விலக்கியது.

தொல்காப்பியர் கண்ணோடு செவியையும் சேர்த்ததன் நுட்பம் இப்போது விளங்கும். முகத்தைக் கண்டால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும். அன்று நான் அம்மாணவனிடம் 'ஏன் தம்பி, இரவு உறங்கவில்லையா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். என் கண் செய்த பிழையைச் செவி திருத்தியிருக்கும்.

இலக்கியக் கல்வியால் இத்திறன் வளருமா என்று வினவலாம். இலக்கியத் தரமுள்ள சிறுகதைகளைப் படித்தோர் பிறர் உணர்வை அறிவதில் சிறந்தனர் என்று 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்து பலரை மகிழ்வித்தது. மீண்டும் செய்து பார்த்த சிலருக்கு அம்முடிவு கிட்டவில்லை. எனவே, ஒரு கதை படித்தால் ஒரு முகம் விளங்கிவிடும் என்று தமிழாசிரியராகிய நாம் பெருமை பேச வேண்டா. ஆனால் நம் கைவசம் ஒன்று உண்டு. உணர்வுக்குப் பெயர் சொல்லத் தெரியாதோர் பிறர் உணர்வை அறிய இடர்ப்படுகின்றனர் என்று கண்டோம். இளிவரலுக்கும் அழுகைக்கும், அசைவுக்கும் இழவுக்கும் வேறுவேறு பெயர் தந்த மொழியை நாம் கற்பிக்கிறோம். அப்பெயர்களைத் தேர்வுத்தாளில் முப்பத்திரண்டு என எண்ணி எழுத வைத்துப் பத்து மதிப்பெண் போடுவதோடு நிறுத்திவிடுகிறோம்.

மெய்ப்பாட்டியல் நடத்தும்போது மாணவர்களைக் காசிமேட்டு ஏலத்துக்கும், திருவொற்றியூர்ப் பேருந்து நிறுத்தத்துக்கும், தத்தம் வீட்டு அடுக்களைக்கும் அனுப்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள். அங்கே கண்ட ஒரு முகத்தை எழுதி வரட்டும். அம்முகத்தில் தாம் முதலில் எதனைக் கண்டனர், கேட்டறிந்தபின் எதனைக் கண்டனர் என்று இரண்டையும் எழுதி வரட்டும். இடையில் உள்ள வேறுபாடே அவர்தம் மனத்தின் அளவு. ஆசிரியரும் அப்பயிற்சியை அவர்களோடு சேர்ந்து செய்தல் நலம். எனக்கு அது மாணவரினும் மிகுதியாகத் தேவைப்பட்டது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் நாளை ஆசிரியராக, அலுவலராக, மேலாளராக, காவல்துறையினராகப் பிறர் எதிரே அமர்வீர்கள். அங்கு வந்து நிற்பவர் உங்கள் முகத்தை முன்பே படித்திருப்பார். அவர் முகத்தை நீங்கள் படிக்கத் தொடங்கும் முன், அது உங்களைக் கண்டு அஞ்சியதால் அப்படி இருக்கிறதா என்று ஒரு நொடி எண்ணுங்கள். பிறகு உட்காரச் சொல்லிக் கேளுங்கள்.